முக்காட்டுக் காந்தமும் மூன்று வகைப் பிணைப்பும்

சென்ற தவணை விடுமுறையில் என்னுடைய ஸ்கார்ஃப் காந்தம் ஒன்று உடைந்துபோனது. குண்டூசி துணியைக் கிழித்துவிடுகிறது என்று நம்மில் பலர் இப்போது பாவிக்கும் அந்தச் சோடிக் காந்தம்தான். ஒன்றைத் துணிக்கு மேலும் மற்றதைக் கீழும் வைத்தால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். அன்று மேசையில் கிடந்த இரண்டும் சற்றுத் தூரத்திலிருந்தே பாய்ந்து மோதின. அவற்றில் ஒன்று நடுவே இரண்டாகப் பிளந்தது. வெள்ளி போல மினுங்கிய மேற்பூச்சுக்கு உள்ளே மங்கிய சாம்பல் நிறம். உடைந்த விளிம்பு பீங்கான் கோப்பையின் விளிம்பு போலச் சொரசொரப்பாக இருந்தது.

"இரும்பு எண்டுதானே கடையில சொன்னாங்க. இது பீங்கான் மாதிரி உடையுதே!" என்றார் உம்மா.

பசை போட்டு ஒட்டலாம் என்று இரு பாதிகளையும் உடைந்த இடத்தில் பொருத்திப் பார்த்தேன். அவை சேர மறுத்தன. விரலை எடுத்தவுடன் ஒன்று விலகி, புரண்டு, மற்றதன் மேல் ஏறிக்கொண்டது. ஒரே பொருளாக இருந்தவை உடைந்த இடத்திலேயே ஒன்றையொன்று தள்ளுவது எனக்கு வேடிக்கையாகவும் சற்று எரிச்சலாகவும் இருந்தது.

பாடசாலை தொடங்கியதும் இரசாயனவியல் டீச்சரிடம் அந்தத் துண்டுகளைக் காட்டினேன். பிணைப்பு அலகை அப்போதுதான் படித்து முடித்திருந்தோம். அயன் பிணைப்பு, பங்கீட்டு வலுப் பிணைப்பு, உலோகப் பிணைப்பு என்று குறிப்புப் புத்தகத்தில் மூன்று பெட்டிகள் வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இயல்புகளை எழுதியிருந்தோம். உலோகப் பெட்டிக்குள் 'வாட்டத்தகும், நீட்டத்தகும்' என்று சிவப்பு மையால் அடிக்கோடும் இட்டிருந்தேன்.

"இது எந்தப் பெட்டிக்குள்ள போகும் டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கேள்வி மகள். நீங்களே தேடிப் பாருங்க. தேடினதை எழுதித் தந்தா மத்தவங்களும் வாசிப்பாங்க" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஸ்கார்ஃப் காந்தத்தின் உள்ளே இருப்பது நியோடிமியம், இரும்பு, போரன் ஆகிய மூன்று மூலகங்களும் சேர்ந்த ஒரு சேர்வை. அதன் சூத்திரத்தில் 2 நியோடிமியம், 14 இரும்பு, 1 போரன் என 17 அணுக்கள் உள்ளன. சாரணுத்திணிவுகளை வைத்துக் கணித்தால் திணிவில் 72 சதவீதம் இரும்பு, 27 சதவீதம் நியோடிமியம், 1 சதவீதம் போரன் என்று வரும். ஆகவே கடைக்காரர் 'இரும்பு' என்று சொன்னது முழுப் பொய் அல்ல.

சாதாரண தரத்தில் நாம் சூத்திரம் எழுதப் பழகியது வலுவளவைக் கொண்டுதான். அலுமினியத்துக்கு 3, ஒட்சிசனுக்கு 2. குறுக்கே மாற்றிப் போட்டால் சூத்திரம் வந்துவிடும். இங்கே அந்த வழி செல்லாது. நியோடிமியமும் இரும்பும் இலத்திரனை வழங்கும் பக்கத்தைச் சேர்ந்தவை. போரனும் குளோரினைப் போல இலத்திரனைப் பறித்துக்கொள்ளும் மூலகம் அல்ல. கொடுப்பவர்கள் மட்டுமே கூடியிருக்கும் இடத்தில் 2, 14, 1 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

இது ஒரு கலப்புலோகம் என்று சொல்லித் தப்பிவிடவும் முடியாது. பித்தளையில் செம்பையும் நாகத்தையும் ஓரளவு கூட்டிக் குறைத்தாலும் அது பித்தளைதான். இந்தக் காந்தச் சேர்வையில் விகிதம் நிலையானது. பளிங்குக்குள் ஒவ்வோர் அணுவுக்கும் குறித்த ஆசனம் உண்டு. நியோடிமியத்தின் இடத்தில் இரும்பு போய் அமர முடியாது. உலோகங்கள் தமக்குள் இப்படி நிலையான விகிதத்தில் சேர்ந்து, தாய் உலோகங்கள் எதிலும் இல்லாத புதிய ஒழுங்கொன்றை அமைத்துக்கொள்ளும்போது அவற்றை உலோகங்களுக்கிடையிலான சேர்வைகள் என்பார்கள். போரன் உலோகம் அல்லவே என்று கேட்பவர்களுக்கு: சரிதான், ஆனாலும் இந்தச் சேர்வையை அந்தக் குடும்பத்தோடுதான் சேர்த்துப் படிக்கிறார்கள்.

விகிதத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பருமன். பெரிய தோடம்பழங்களையும் சிறிய தேசிக்காய்களையும் ஒரே பெட்டியில் இடைவெளி குறைவாக அடுக்கிப் பாருங்கள். எத்தனை தோடம்பழத்துக்கு எத்தனை தேசிக்காய் என்பது நம் விருப்பப்படி அமையாது. நியோடிமிய அணுவின் ஆரை ஏறத்தாழ 0.18 நனோமீற்றர், இரும்பினது ஏறத்தாழ 0.13. இதே குடும்பத்தில் இதைவிட எளிய ஒன்று, ஒரு லந்தனத்துக்கு ஐந்து நிக்கல் என்ற சேர்வை. அந்த 5 எந்த வலுவளவிலிருந்தும் வந்ததல்ல. பெரிய லந்தன அணுக்களைச் சுற்றி நிக்கல் அணுக்கள் நன்றாகப் பொருந்தி அமரும் எண்ணிக்கை அது. அடுக்கிய பின் அதில் மிஞ்சும் சிறு இடைவெளிகளுக்குள் ஐதரசன் அணுக்கள் புகுந்து தங்கும். ஒரு சூத்திர அலகுக்கு ஆறு வரை. மீள மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைட்டு மின்கலங்கள் இந்த இடைவெளிகளை நம்பியே வேலை செய்கின்றன. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன்.

நம் காந்தச் சேர்வையின் அடுக்கு அவ்வளவு எளிதல்ல. 1984 இல் நியூத்திரன் கற்றைகளைக் கொண்டு அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார்கள். திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகுப் பெட்டிக்குள் 68 அணுக்கள் இருக்கின்றன. அந்தப் பெட்டி 0.88 நனோமீற்றர் அகலமும் 1.22 நனோமீற்றர் உயரமும் கொண்டது. தூய இரும்பின் அலகுப் பெட்டியில் இரண்டே அணுக்கள்தான்.

உம்மாவின் கேள்விக்கு விடை இந்த இரு எண்களில் இருக்கிறது. இரும்புக் கம்பியை வளைக்கும்போது அணுப் படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஒரு படை ஓர் இடம் நகர்ந்தாலும் அங்கே அதே இரும்பு, அதே அயல். ஒன்றும் கெடுவதில்லை. 68 அணுக்களும் தத்தம் ஆசனத்தில் இருக்க வேண்டிய பளிங்கில் படை சற்று நகர்ந்தாலே நியோடிமியம் இரும்பின் இடத்தில் முட்டும், போரன் தன் கூட்டாளிகளை இழக்கும். ஆகவே அது வழுக்காது. அடி பலமாக விழுந்தால் வெடிக்கும். மின்னைக் கடத்துவதிலும் மினுங்குவதிலும் உலோகம், உடைவதில் பீங்கான்.

அப்படியானால் உள்ளே இருப்பது என்ன பிணைப்பு? மூன்றும் இருக்கின்றன என்பதே நேர்மையான பதில். அணுக்கள் எல்லாமே தம் வெளி இலத்திரன்களில் ஒரு பகுதியைப் பொதுக் கடலில் விட்டிருக்கின்றன. அது உலோகப் பிணைப்பு. ஒவ்வொரு போரன் அணுவும் ஆறு இரும்பு அணுக்கள் அமைக்கும் முக்கோண அரியத்தின் நடுவே இருக்கிறது. போரனின் 2பீ ஒபிற்றல்கள் இரும்பின் 3டீ ஒபிற்றல்களுடன் மேற்பொருந்துவதில் பங்கீட்டு வலுத் தன்மை தெரிகிறது. நியோடிமியத்தின் மின்னெதிர்த்தன்மை 1.14, இரும்பினது 1.83. எனவே இலத்திரன் முகில் நியோடிமியத்திலிருந்து சற்றே இரும்பின் பக்கம் சரிகிறது. அயன் தன்மையின் சாயல் அது. டச்சு இரசாயனவியலாளர் வான் ஆர்க்கல் 1941 இலேயே மூன்று பிணைப்புகளையும் ஒரு முக்கோணியின் மூன்று மூலைகளாக வரைந்து காட்டினார். சோடியம் குளோரைட்டு ஒரு மூலைக்கு அருகில், வைரம் இன்னொரு மூலைக்கு அருகில் இருக்கும். பெரும்பாலான பொருட்கள் நடுவில் எங்கோ இருக்கும். பெட்டிகளைவிட முக்கோணி எனக்குப் பிடித்திருக்கிறது. பரீட்சைக்குப் பெட்டிதான் வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் காந்தத்தின் முக்கியமான இரகசியம் பிணைப்பில் ஈடுபடும் இலத்திரன்களோடு முடிவதில்லை. எந்தப் பிணைப்பிலும் சேராமல் உள்ளே ஒதுங்கியிருக்கும் சில இலத்திரன்களிடமும் அது இருக்கிறது. நம் பாடத்திட்டம் எஸ், பீ, டீ தொகுப்புகளைக் கற்பிக்கிறது. எஃப் தொகுப்பு ஆவர்த்தன அட்டவணையின் கீழே தனியாகக் கிடக்கும் இரண்டு வரிசைகள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த முதல் வரிசையில் அணுவெண் 60 ஐக் கொண்டது நியோடிமியம். தனி அணுவில் அதற்கு நான்கு 4எஃப் இலத்திரன்களும் இரண்டு 6எஸ் இலத்திரன்களும் உண்டு. திண்மமாகும்போது ஒரு 4எஃப் இலத்திரன் வெளியே வர, மூன்று இலத்திரன்கள் பிணைப்புக்குப் போகின்றன. மூன்று 4எஃப் இலத்திரன்கள் உள்ளே தங்குகின்றன.

ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். 6எஸ், 5டீ இலத்திரன்கள் வாசலில் நின்று அக்கம்பக்கத்தோடு பேசுபவர்கள். 5எஸ், 5பீ இலத்திரன்கள் வீட்டின் சுவர். 4எஃப் இலத்திரன்கள் சுவருக்கு உள்ளே, உள் அறையில் இருப்பவர்கள். சக்தியைப் பார்த்தால் அவை கடைசியாக நிரம்புகின்றன. இடத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கின்றன. இந்த முரண்தான் அருமண் மூலகங்களின் கதை முழுவதும். வாசலில் நிற்பவர்கள் எல்லா அருமண் வீடுகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்கள். ஆகவே இந்த மூலகங்களை இரசாயன முறையில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது பெரும் பாடு. 'டிடிமியம்' என்ற ஒரே மூலகமாக நெடுங்காலம் நம்பப்பட்டதை ஒஸ்திரியரான கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1885 இல் மீண்டும் மீண்டும் பளிங்காக்கியே இரண்டாகப் பிரித்தார். ஒன்று பிரசியோடிமியம், மற்றது நியோடிமியம்; அதாவது 'புதிய இரட்டை'. அருமண் என்ற பெயர் ஏமாற்றும். புவியோட்டில் நியோடிமியம் ஈயத்தைவிட அதிகம். அரிது மூலகம் அல்ல, அதைத் தனியாகப் பிரித்தெடுப்பதுதான்.

உள் அறைக்காரர்கள் வெளியாரைச் சட்டை செய்வதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. புல்மோட்டைக் கரைமணலில் இல்மனைட்டு, ரூட்டைல், சேர்கோன் ஆகியவற்றோடு சிறிதளவு மொனசைட்டும் உண்டு. மொனசைட்டு என்பது சீரியம், லந்தனம், நியோடிமியம் முதலியவற்றின் பொசுபேற்று. கூடவே கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியமும் இருக்கும். அந்தத் தோரியத்தைப் பாதுகாப்பாகக் கையாள வேண்டியிருப்பதால், மணலை அள்ளிக் காந்தமாக்கிவிடலாம் என்பது லேசான கதை அல்ல. மொனசைட்டுக்குள் நியோடிமியம் இருப்பது அயனாக, ஒட்சிசன் சூழ. காந்தத்துக்குள் அது இருப்பது உலோகக் கடலில், இரும்பு சூழ. பிணைப்பு முற்றிலும் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் 4எஃப் இலத்திரன்கள் அதே மூன்று. நியோடிமியம் உப்பாகக் கரைந்தாலும் கண்ணாடியில் கலந்தாலும் ஏறத்தாழ அதே நிறங்களையே ஒளியிலிருந்து உறிஞ்சுவதற்கும் காரணம் இதுதான். கண்ணாடி ஊதுபவர்கள் தீச்சுவாலையின் மஞ்சள் ஒளியை மறைக்க அணியும் மூக்குக் கண்ணாடியில் இந்தப் பழைய டிடிமியச் சோடி இன்றும் இருக்கிறது.

இனிக் காந்தத்துக்கு வருவோம். சோடி சேராத இலத்திரன் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காந்தம். பிணைப்பில் சேரும்போது இலத்திரன்கள் பெரும்பாலும் எதிரெதிர்க் கறங்கலுடன் சோடி சேர்ந்து காந்தத் தன்மையை இழந்துவிடும். இரும்பின் 3டீ இலத்திரன்கள் பிணைப்பிலும் பங்குகொண்டு, காந்தத் தன்மையையும் ஓரளவு காப்பாற்றிக்கொள்கின்றன. ஓர் இரும்பு அணு தன் அயலிலுள்ள இரும்பைத் தன் திசைக்கே திருப்பவும் செய்கிறது. காந்தத்தின் பலத்தில் பெரும்பகுதி இந்த 14 இரும்பிலிருந்தே வருகிறது.

அப்படியானால் வெறும் ஆணி போதாதா? போதாது. ஆணியைக் காந்தமாக்கலாம், ஆனால் திசை நிலைக்காது. ஒரு தட்டு, ஓர் எதிர்ப் புலம், உடனே மனம் மாறிவிடும். இரும்புக்குப் பலம் உண்டு, பிடிவாதம் இல்லை. நியோடிமியத்துக்குப் பிடிவாதம் உண்டு. ஆனால் அதன் 4எஃப் இலத்திரன்கள் உள் அறையில் இருப்பதால் அயல் வீட்டு 4எஃப்போடு நேரே பேச முடியாது. தனி நியோடிமிய உலோகத்தில் அவை ஏதாவது ஓர் ஒழுங்குக்கு வரவேண்டுமானால் ஏறத்தாழ −253 பாகை செல்சியசு வரை குளிர வேண்டும். இரண்டையும் ஒரே பளிங்கில் வைத்தால் வாசலில் நிற்கும் 5டீ இலத்திரன் தூது போகிறது. உள்ளே 4எஃப்போடும், வெளியே இரும்பின் 3டீயோடும் அது தொடர்பு கொள்கிறது. இரும்பின் ஒழுங்கு அதன் வழியே நியோடிமியத்தை எட்ட, அறை வெப்பநிலையிலும் அது வரிசையில் நிற்கிறது.

பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நான் தேடியதிலேயே அழகான பகுதி. மூன்று 4எஃப் இலத்திரன்களின் முகில் உருண்டையாக இல்லை. ரொட்டி போலத் தட்டையாக இருக்கிறது. பாரமான அணுக்களில் இலத்திரனின் கறங்கலும் அது கருவைச் சுற்றும் இயக்கமும் இறுகப் பிணைந்திருக்கும். ஆகவே காந்தத் திசையைத் திருப்பினால் முகிலும் சேர்ந்து திரும்ப வேண்டும். ரொட்டி தட்டையாகக் கிடக்க, காந்தத் திசை அதற்குச் செங்குத்தாக நிற்கிறது. சுற்றியுள்ள அணுக்களின் ஏற்றங்கள் ரொட்டி கிடைநிலையில் இருப்பதையே விரும்புகின்றன. அதை நிமிர்த்தப் பெரும் சக்தி வேண்டும். அந்தச் சக்திதான் பிடிவாதம்.

இது வெறும் உவமை அல்ல என்பதைக் காட்டும் ஒரு சோதனை உண்டு. நியோடிமியத்துக்குப் பதிலாக அதே ஆசனத்தில் சமாரியத்தை வைத்தும் இதே பளிங்கைச் செய்யலாம். சமாரியத்தின் 4எஃப் முகில் பேரீச்சம்பழம் போல நீளமானது, காந்தத் திசை அந்த நீளத்தின் வழியே செல்லும். தட்டையான ரொட்டிக்குப் பொருந்திய இடத்தில் பேரீச்சம்பழம் சாய்ந்துதான் படுக்கும். விளைவு, காந்தத் திசையும் சாய்ந்து, கிடைத்தளத்தில் எளிதாகத் திரும்பக்கூடியதாகிவிடுகிறது. நிலைக்காந்தமாக அது உதவாது. விகிதம் அதே, பளிங்கு அதே, பிணைப்பும் ஏறத்தாழ அதே. மாறியது உள் அறையில் இருப்பவர்களின் வடிவம் மட்டுமே.

இதைக் கண்டுபிடித்தவர்கள் வசதியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. 1970 களில் சிறந்த நிலைக்காந்தம் சமாரியமும் கோபாற்றும் சேர்ந்தது. (அந்தப் பளிங்கில் ஆசனம் வேறு, பேரீச்சம்பழம் அங்கே நிமிர்ந்து நிற்கும்.) 1978 இல் கொங்கோவின் ஷாபா பகுதியில் நடந்த போரால் கோபாற்றின் விலை எகிறியது. மலிவான இரும்பை வைத்துச் செய்ய முடியாதா என்று பலரும் தேடினார்கள். 2 நியோடிமியத்துக்கு 17 இரும்பு என்ற சேர்வை ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனால் அது ஏறத்தாழ 60 பாகையிலேயே காந்த ஒழுங்கை இழந்துவிடும். ஜப்பானியரான மசாட்டோ சகாவா, அதில் சில இரும்பு அணுக்கள் மிக நெருங்கியிருப்பதே பிழை என்று கேள்விப்பட்டார். இடையில் போரன் போன்ற சிறிய அணுவைச் செருகினால் இரும்புகள் விலகும் என்று யோசித்தார். வேலை பார்த்த நிறுவனத்தில் இதற்கு ஊக்கம் கிடைக்கவில்லை. 1982 இல் அதை விட்டு விலகி வேறு நிறுவனத்தில் சேர்ந்து, சில மாதங்களுக்குள் காந்தத்தைச் செய்து முடித்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஜோன் குரோட் வேறு முறையில் அதே சேர்வையை அடைந்தார். 1983 நவம்பரில் பிட்ஸ்பேர்க் நகரில் நடந்த ஒரே மாநாட்டில் இரு தரப்பும் அறிவித்தன.

எனக்குப் பிடித்த விடயம் என்னவென்றால், சகாவாவின் ஊகம் நடந்ததோடு சரியாகப் பொருந்தவில்லை. போரன் பழைய கட்டமைப்பை விரிக்கவில்லை. முற்றிலும் புதிய கட்டமைப்பொன்றை உண்டாக்கியது. புதிய சேர்வை 312 பாகை வரை காந்த ஒழுங்கைக் காக்கிறது. 2022 இல் சகாவாவுக்குப் பொறியியலுக்கான எலிசபெத் மகாராணிப் பரிசு கிடைத்தது.

312 பாகை என்றதும் வீட்டில் எதுவும் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண தரக் காந்தம் 80 பாகைக்கு மேல் சூடேறினாலே பலத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கக்கூடும். ஆகவே காந்தத்தோடு ஸ்கார்ஃபை ஸ்திரி போடாதீர்கள். நிக்கல் மேற்பூச்சு உரிந்த காந்தத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம். நியோடிமியத்தின் வாசல் இலத்திரன்கள் ஒட்சிசனோடு சேரத் துடிப்பவை. ஈரக்காற்று பட்டால் காந்தம் துருவேறி உதிரும், வெள்ளைத் துணியில் கறையும் படியும்.

தாய்மார்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது இது. என் தம்பிக்கு இரண்டு வயது. நான் மேசையில் விட்டிருந்த காந்தத்தை ஒருநாள் வாயில் போட்டுவிட்டான். உம்மா விரலை விட்டு எடுத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். துணியைப் பிடிப்பது போலத்தான். இரத்தம் ஓடாமல் அந்த இடம் துளையாகிவிடும். சத்திரசிகிச்சை வரை போகும். விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே, மலத்தோடு போகும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது காந்தங்களுக்கென்று மூடியுள்ள டப்பா ஒன்று அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.

உடைந்த பாதிகள் ஏன் சேர மறுத்தன என்பது மிச்சம். இந்தக் காந்தத்தைச் செய்யும்போது சேர்வையை ஒரு மில்லிமீற்றரின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தூளாக்கி, வலிய காந்தப்புலத்துக்குள் வைத்து அழுத்துகிறார்கள். ஒவ்வொரு துகளின் நெட்டச்சும் ஒரே பக்கம் திரும்பிய பிறகு 1000 பாகைக்கு மேல் சுட்டு இறுக்குகிறார்கள். என் காந்தத்தில் அந்த அச்சு தடிப்பின் வழியே மேல்நோக்கி இருந்தது. ஆகவே உடைந்த பின்பும் இரு பாதிகளுக்கும் மேல் முகம் வடமுனை, கீழ் முகம் தென்முனை. பக்கம் பக்கமாக வைத்தால் வடக்கு வடக்கையும் தெற்கு தெற்கையும் தள்ளும். அவை ஒட்டாமல் இருந்ததும், ஒன்று புரண்டு மற்றதன் மேல் ஏறியதும் அதனால்தான். பசை காயும்வரை இரண்டையும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமென்று இப்போது தெரியும். ஆனால் உம்மா புதுச் சோடி வாங்கித் தந்துவிட்டார். உடைந்த துண்டுகளை டீச்சர் ஒரு சிறிய போத்தலில் இட்டு ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருக்கிறார்.